சல்லிக்கல் குவியலில் நான்கு முட்டைகள்

அக்கரைப்பற்று,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

கல்முனை, மதிப்புக்குரிய முபாறக் ஹாஜியார் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லோரும் நலம். என் மனைவிக்கு முழங்கால் வலி, எனக்கு உச்சந்தலையில் மூன்று கீறல், அவற்றைத் தவிர ஒரு குறையும் இல்லை. தங்கள் வீட்டாரும் அவ்வாறே, கீறல் மட்டும் இல்லாமல், நலமாக இருக்க துஆச் செய்கிறேன். டெலிபோன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். டெலிபோனில் தங்கள் குரலைக் கேட்டால் என் வாயில் ‘ஓம்’ என்பதைத் தவிர வேறொன்றும் வருவதில்லை. இந்த வில்லங்கமே அப்படிச் சொன்ன இரண்டு ஓமினால் வந்ததுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் மகன் முர்ஷித்துக்கும் என் மகள் முஸ்பிறாவுக்கும் பேச்சு முடிந்த அன்று, மாப்பிள்ளை குடியிருக்க மேல்மாடி கட்டித் தருவேன் என்று வாக்குக் கொடுத்தேன். நம் ஊர்களில் பெண்ணை அனுப்புவதில்லை, மாப்பிள்ளைதான் வருகிறார், வீடில்லாமல் கலியாணமில்லை என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் மேல்மாடிக்குத் தளமாகக் கொங்கிறீட் பிளேட் போட நாள் குறித்து, முப்பது பேருக்குச் சொல்லி, வழக்கப்படி ஆறு பேருக்கு ஒரு பெரிய தட்டமாக ஐந்து சகன் இறைச்சிச் சோறும் ஆக்க ஏற்பாடு செய்தேன். காலையில் மேசன் ஜவுபர் மண்வெட்டியோடு வாசலில் கிடந்த சல்லிக்கல் குவியலுக்குப் போனார். போன வேகத்தை விட இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு ஆக்காட்டிக் குருவி, அவருடைய தலையைக் குறிவைத்து, ஊரையே கூப்பிட்டுக்கொண்டு பறந்து வந்தது. கல்லை இறக்கி மூன்று கிழமை சும்மா கிடக்க விட்டது என் பிழை. அந்தக் கல்லோடு கல்லாக, கல்லின் நிறத்திலேயே, அது நான்கு முட்டைகளை இட்டு வைத்திருந்தது.

முட்டையைக் கூடையில் எடுத்து மதிலுக்கு அப்பால் வைத்தால் முடிந்தது என்றார் ஜவுபர். நானும் சரி என்றுதான் சொன்னேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் மண்வெட்டி கிட்டப் போனதும் அந்தக் குருவி பறந்து போகவில்லை. முப்பது ஆண்பிள்ளைகளுக்கு முன்னால், இரண்டு செட்டையையும் விரித்துக்கொண்டு முட்டைக்குக் குறுக்கே நின்றது. கால் இரண்டும் ஈர்க்கில் பருமன்தான். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, நாற்காலியில் ஏறி நின்று சத்தம் போட்டுவிட்டேன்.

“பொரிக்குமட்டும் ஒருத்தரும் அந்தக் கல்லுல கை வைக்கப்படா.”

வேறு கல் இறக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் ஒழுங்கை தங்களுக்குத் தெரியும், கொங்கிறீட் மெஷின் நிறுத்த அந்தக் குவியலின் பக்கத்தை விட்டால் வேறு இடமில்லை, அந்தச் சத்தத்தில் எந்தத் தாய் அடைகாக்கும். ஆகவே வேலை நின்றது. ஆனால் சோறு வெந்துவிட்டது. வெந்த சோற்றை என்ன செய்வது, முப்பது பேரும் இருந்து சாப்பிட்டு, துஆ ஓதி, ஒரு சட்டி கலவைகூடக் குழைக்காமல் வீட்டுக்குப் போனார்கள். என் மச்சினன் றிம்சான் சகனைப் படம் பிடித்து, ‘அல்ஹம்துலில்லாஹ், இன்று எங்கள் வீட்டுப் பிளேட்’ என்று பேஸ்புக்கில் போட்டுவிட்டான். பிளேட் போடாமல் அந்தச் சோற்றை யாராவது தின்பார்களா, ஊர் நம்பியது. தாங்களும் நம்பி அன்றைக்கே டெலிபோன் எடுத்து, பிளேட் போட்டாச்சாமே என்றீர்கள். நான் ஓம் என்றேன். அப்படியானால் அடுத்த மாதம் பத்தாந் திகதி கலியாணத்தை வைப்போமா என்றீர்கள். அதற்கும் ஓம் என்றேன். தாங்கள் மண்டபம் பேசி, கார்ட்டும் அடிக்கக் கொடுத்தாயிற்று. பிளேட் இன்னும் சீமெந்துப் பக்கற்றுக்குள்ளேயே இருக்கிறது.

பிறகு நான் பட்டது கொஞ்சமல்ல. என் வீட்டுக்கு நானே குடை பிடித்துக்கொண்டு போகிறேன். கறன்ட் பில் கொண்டு வருகிற பிள்ளை அதை மதிலுக்கு மேலால் எறிந்துவிட்டு ஓடுகிறான். போன வியாழக்கிழமை தங்கள் தங்கை சல்மா உம்மா வீடு பார்க்க வந்தது நினைவிருக்கும். பிளேட் ஈரம், உள்ளே வரவேண்டாம் என்று கேற்றிலேயே மறித்தேன். எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அவர் ஓரடி வைத்தார். ஆக்காட்டி அவருக்கு மேலால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது, அவர் செருப்பை விட்டுவிட்டுக் கல் குவியலோடு சாய்ந்துவிட்டார். இது பக்கத்து வீட்டுக்காரர் வளர்க்கிற சாதி என்று நான் சொன்னேன். அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்.

ஆனாலும் ஹாஜியார், ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லுஹர் தொழுகைக்கு நான் வெளிப் பைப்பில் கைகால் கழுவி ஒழுச் செய்யும்போது அது வரும். முதல் நாள் கொத்தத்தான் வருகிறது என்று தலையில் செம்பைக் கவிழ்த்துக்கொண்டேன். அது என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. என் காலடியில் தேங்கிய தண்ணீருக்குள் இறங்கி, வயிற்றை அமிழ்த்தி நன்றாக நனைத்துக்கொண்டு, நேரே போய் முட்டையின் மேல் குந்தியது. நண்பகல் வெயிலில் கல் சுடுமல்லவா, முட்டை வெந்துவிடாமல் ஈரம் கொண்டுபோகிறது. ஒவ்வொரு பகலும் இதே வேலை. இப்போது நான் கையைக் கழுவுகிறேன், ஒரு முழத்துக்குள் அது வயிற்றை நனைக்கிறது, இரண்டு பேரும் ஒன்றும் கதைப்பதில்லை. இந்த இருபது வருடமும் என் பிள்ளைக்கு ஒரு வீடு வேண்டும் என்றே ஓடியவன் நான். எனக்கு அதன் கஷ்டம் விளங்கியது, உண்மையில் அழுகை வந்தது.

முன்பு என்னோடு கந்தோரில் வேலை செய்த வீரமுனைப் பூபாலசிங்கத்திடம் விசாரித்தேன். அவர் வயலில் இவற்றோடு பழகியவர். பொரிக்க இன்னும் பத்து நாளாவது செல்லும் என்கிறார். அதன் பிறகு பிளேட் போட்டு, இறுகி, அடியில் கொடுத்த முட்டுக் கம்புகளைக் கழற்றும்போது பத்தாந் திகதி எங்கேயோ போய்விடும். தங்களிடம் எதைச் சொல்லிச் சமாளிப்பது என்று மழை, சீமெந்துத் தட்டுப்பாடு, ஜவுபருக்குக் காய்ச்சல் என மூன்று காரணம் எழுதி வைத்திருந்தேன். மூன்றையும் முஸ்பிறா வாங்கிக் கிழித்துவிட்டாள்.

“உண்மைய எழுதுங்க வாப்பா. குருவிக்காக முறியிற கலியாணம் எனக்கு வேணா.”

அவளுக்கு வேண்டாமாக இருக்கலாம், எனக்கு வேண்டும். முர்ஷித்தைப் போல ஒரு பிள்ளை எங்களுக்கு இனி எங்கே கிடைப்பார். பிழை முழுவதும் என்னுடையது, என் பிள்ளையில் ஒன்றுமில்லை. தயவுசெய்து கோபிக்காமல் கலியாணத்தை இரண்டு மாதம் பிற்போட்டுத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்களுக்கும், மச்சிக்கும், முர்ஷித்துக்கும், செருப்பை இன்னும் எடுக்க முடியாத சல்மா உம்மாவுக்கும் எங்கள் சலாம். அல்லாஹ் நம் இரண்டு வீட்டுக்கும் பறக்கத்தைத் தரட்டும்.

இவ்வண்ணம்,
தங்கள் சம்பந்தியாக இருக்க ஆசைப்படும்
அப்துல் ஹமீட்.

பி.கு.: இதை ஒட்டும்போது சல்மா உம்மா என் மனைவிக்கு டெலிபோன் எடுத்தார். அன்று விழுந்த இடத்திலேயே அவர் நான்கு முட்டையையும் கண்டு, அண்ணாந்து பார்த்து, பிளேட் இல்லாததையும் கண்டுவிட்டாராம். அன்று பின்நேரமே தங்களிடம் எல்லாம் சொல்லிவிட்டாராம். அதற்குத் தாங்கள் சொன்னதை அவர் சொல்ல, என் மனைவி இரண்டு தரம் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்:

“ஒரு குருவிய எழுப்ப மனசு வராத ஆள், எண்ட மகன ஒரு நாளும் வீட்ட உட்டு எழும்பச் சொல்ல மாட்டார். நாள் பிந்தினாப் பிந்தட்டும்.”

ஆகவே மேலே உள்ளதை வாசிக்க வேண்டாம். நாளையும் பிற்போட வேண்டாம், பத்தாந் திகதியே இருக்கட்டும். மேல்மாடி வருகிறபோது வரும். அதுவரைக்கும் எங்கள் அறையை மாப்பிள்ளைக்குக் கொடுக்கிறோம், நாங்கள் ஹோலில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வோம். குஞ்சுகள் அப்போது முற்றமெல்லாம் ஓடித் திரியும், தாய்க்குக் கோபம் இன்னும் கூடும் என்கிறார் பூபாலசிங்கம், ஆகையால் மாப்பிள்ளை கலியாண உடுப்போடு ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டு வரட்டும்.