வெளியே எடுக்க நான்கு காரணங்கள்

"என் போனை உங்க சிஸ்டத்துல இருந்து வெளிய எடுங்க."

ஐ.டி. அறைக் கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்த உலகம்மாள், நின்றபடியே சொன்னாள்.

கார்களுக்கு வயர் கட்டித் தரும் அந்த ஒரகடம் கம்பெனியின் லைன் சூப்பர்வைசர் மோகனப்ரியா அவளை முன்பே எச்சரித்திருந்தாள். "லீவு கேளு, தர மாட்டோம். ஓ.டி. வேணாம்னு சொல்லு, திட்டுவோம். ஆனா போனை வெளிய எடுங்கன்னு மட்டும் ஐ.டி. ரூம்ல போய் நின்னுடாத." ஏன் என்று கேட்டதற்கு, "சொன்னா கேளேன்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு கோடைகாலம் முழுக்க நின்றவள் உலகம்மாள். ஒரு ஐ.டி. ரூமா அவளை மிரட்டிவிடும்?

நாற்காலியைத் திருப்பிய ஹேமந்தின் முகம் மலர்ந்தது. கம்பெனியில் எந்த ஐ.டி. ஆளும் யாரையும் பார்த்து அப்படி மலர்ந்ததில்லை.

"வாங்க சிஸ்டர், வாங்க! உக்காருங்க. யாருமே வர மாட்டேங்கறாங்க."

"உக்கார நேரமில்ல சார். நாலு மணிக்குள்ள இந்தப் போன்ல கேமரா தெறக்கணும்."

அது கம்பெனி கொடுத்த போன். ஆயுத பூஜைக்குப் பொரி, கடலையோடு ஆளுக்கொன்று கொடுத்தார்கள். கேட் திறப்பது, பஸ், சாப்பாட்டு டோக்கன், ஓ.டி. எல்லாம் அதற்குள்தான். சந்தோஷத்தில் உலகம்மாள் தன் பழைய போனைத் தென்காசிப் பக்கம் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள். அப்புறம்தான் தெரிந்தது, புதுப் போனில் கேமரா திறக்காது. மற்ற கம்பெனிகளில் கேட்டில் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், வெளியே போகும்போது பிய்த்துக்கொள்ளலாம். இங்கே உள்ளுக்குள்ளேயே கண்ணைப் பிடுங்கிவிட்டார்கள். லைனில் திறக்காது, ஹாஸ்டலில் திறக்காது, கோயிலில் திறக்காது. சுங்குவார்சத்திரம் ஹாஸ்டலில் எல்லாப் பெண்களிடமும் இதே போன்தான். இரவல் கேட்கவும் வழியில்லை.

இன்று நாலு மணிக்குத்தான் அவளுக்கு இன்டர்வியூ. செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு லேப். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவளை அந்தப் படிப்புக்காகவே கூப்பிட்டிருக்கும் முதல் இடம். வீடியோ காலில் முகம் தெரியாவிட்டால் இன்டர்வியூ கிடையாது என்று மெயிலில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். இவ்வளவு நாளும் சிவப்பு வயரைச் சிவப்பு ஓட்டையில் செருகிக்கொண்டிருந்தவள், அந்த மெயிலைப் படித்ததிலிருந்து இரண்டு முறை பச்சை ஓட்டையில் செருகிவிட்டாள்.

"காரணம் கேக்குது சிஸ்டர்" என்றான் ஹேமந்த், திரையைப் பார்த்தபடி. "நாலு கீது. பணிநீக்கம், ராஜினாமா, தொலைந்தது, மரணம்."

"கேமரா வேணும்னு ஒரு காரணம் இல்லையா?"

"அது இல்ல."

"ஒருத்தி உசுரோட, வேலையிலயும் இருந்துக்கிட்டு, போனை வெளிய எடுக்கக் கூடாதா?"

"அப்பிடி ஒருத்தர் வருவாங்கன்னு யாரும் நெனைக்கல போல. பணிநீக்கம் மேனேஜர் அமுத்தணும். 'தொலைந்தது' போட்டுப் பாக்கலாமா?"

"பாக்கலாமாவா? என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். எதுக்கும் இன்னா வருதுன்னு கரெக்டா பாத்து சொல்லுங்க" என்று சொல்லி அழுத்தினான்.

உலகம்மாளின் கையில் ஆம்புலன்ஸ் கத்தியது. திரை ரத்தச் சிவப்பானது. 'இது திருடப்பட்ட போன். வைத்திருப்பவரைப் பிடித்துக் காவலரிடம் ஒப்படைக்கவும்.'

"சிவப்பா? சத்தம் எவ்ளோ நேரம் வருது?" என்று ஆவலாகக் கேட்டான் ஹேமந்த்.

"யோவ், நிப்பாட்டும்யா!"

கேட்டிலிருந்து செக்யூரிட்டி எல்லப்பன் தடியோடு ஓடி வந்தார். "திருடன் எங்க?"

"திருடனெல்லாம் இல்ல அண்ணாச்சி. நாந்தான்."

"போனைப் பறிகொடுத்தது யாரு?"

"அதுவும் நாந்தான்."

எல்லப்பன் அவளைப் பார்த்தார். பிறகு ஹேமந்தை ரொம்ப நேரம் பார்த்தார். "நடத்து தம்பி, நடத்து" என்று தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

"சத்தத்தை நிறுத்த ஒரே வழிதான்" என்றான் ஹேமந்த். "ராஜினாமா. ரெண்டே நிமிஷம் போட்டுட்டு எடுத்துடலாம்."

"எடுக்க முடியும்லா?"

"எடுக்க முடியாமலா வெச்சிருப்பாங்க?"

அழுத்தினான். சத்தம் நின்றது. உலகம்மாள் கேமராவைத் தொட்டாள். 'நோட்டீஸ் காலம் முடிந்ததும் திறக்கப்படும். உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.'

"ஓ, நோட்டீஸ் பீரியட் கேக்குதா!" ஹேமந்தின் முகம் தொங்கிப்போனது. தன் வேலையே போனதுபோல் நாற்காலியில் சரிந்தான்.

அதற்குள் ஹாஸ்டல் வார்டன் பங்கஜம் போனில் கூப்பிட்டாள். "ஏம்மா, வேலைய வுட்டுட்டியாமே, ஒரு வார்த்தை சொன்னியா? பொட்டிய வெளிய வெச்சுட்டேன், வந்து எடுத்துக்கோ."

"அக்கா, நான் விடலக்கா! சும்மா ரெண்டு நிமிசத்துக்கு..."

"அதெல்லாம் தெரியாது. செல்வலட்சுமின்னு ஒரு புதுப் பொண்ணு வந்துட்டா. உன் கட்டில்ல படுத்துத் தூங்கவே ஆரம்பிச்சுட்டா. எழுப்பறது பாவம்."

"ராஜினாமா போட்டா கட்டிலும் பூடுமா?" ஹேமந்த் வாயைப் பிளந்தான். "அது எனக்குத் தெரியாதே!"

"உமக்கு என்னதான் தெரியும்? திருப்பிப் போடும்!"

திருப்பிப் போடும் பட்டனை அவன் தேடினான். மேலே தேடினான், கீழே தேடினான். ஒரு முறை ஸ்க்ரீனுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தான். திரும்பச் சேர வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பித்து, கண் பரிசோதனையிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம்.

சுவரிலிருந்த கடிகாரத்தில் மூன்று ஆகப் போகிறது. உலகம்மாள் அறைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தாள்.

"இன்னொண்ணு கீது" என்றான் ஹேமந்த் மெதுவாக. "மரணம். அதுக்கு நோட்டீஸ் பீரியட் இருக்காது."

"நிச்சயமா?"

"செத்தவங்ககிட்ட எப்பிடி கேப்பாங்க?"

அவளுக்கு முதல் முறையாக அவன் சொன்ன ஒன்று நியாயமாகப் பட்டது. "போட்டுத் தொலையும். நாலு மணிக்கு நான் மூஞ்சி காட்டுனாப் போதும்."

அழுத்தினான். கட்டடம் முழுக்க ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், பஸ் நேரம் சொல்லும் அதே குரல், உலகம்மாளின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல் தெரிவித்தது. ஒரு நிமிட மௌனத்துக்காக லைன்கள் தாமாகவே நின்றன. கன்வேயர் சத்தம் அடங்கிய அந்த அமைதியில், மோகனப்ரியா தடதடவென்று ஓடிவரும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏய், உசுரோடதான் இருக்கியா?" கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள் மோகனப்ரியா. கண் கலங்கியிருந்தது. அடுத்த நொடி காய்ந்தது. "அப்போ என் லைன்ல போன ஒரு நிமிஷத்துக்கு யாருடி பதில் சொல்றது? அன்னிக்கே சொன்னேன்ல, இந்த ரூமுக்கு வராதன்னு!"

உலகம்மாள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. அம்மா.

"ஏட்டி உலகு! நீ செத்துட்டேன்னு போன்ல வந்திருக்குன்னு எதுத்த வீட்டுப் பிள்ளை படிக்கா?"

"இல்லம்மா. கம்பேனில தப்பாப் போட்டுட்டாவ."

"இவ்வளவு பெரிய கம்பேனில தப்பாப் போடுவாவளா? நல்லாக் கேட்டுப் பாரு."

"எம்மா, நான் பேசுதேம்லா!"

"பேசுத சரி. குரலே சரியில்லியே. சாப்ட்டியா?"

அவள் வாயைத் திறக்கும் முன் இணைப்பு அறுந்தது. திரை கறுத்தது. பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் போன் வெள்ளையாக விழித்துக்கொண்டது. இன்டர்வியூ லிங்க் இல்லை, மெயில் இல்லை, அம்மா நம்பர் இல்லை. பூப் பூவாக ஒரு வரி வந்தது. 'நல்வரவு, செல்வலட்சுமி!'

கட்டிலை எடுத்தவள் போனையும் எடுத்துக்கொண்டாள்.

உலகம்மாள் கேமராவைத் தொட்டாள். திறக்கவில்லை.

கத்தப் போகிறாள் என்று மோகனப்ரியா ஒதுங்கி நின்றாள். உலகம்மாள் கத்தவில்லை. செம்பரம்பாக்கம் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? ஸ்ரீபெரும்புதூர் போய் பஸ் மாறினால் ஏரிக்கரை. மூஞ்சிதானே வேண்டும்? கொண்டுபோய் நேரிலேயே காட்டிவிட்டால் என்ன? வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்தப் பக்கம் திரும்பி வருவதில்லை. இதைக் காலையிலேயே செய்திருக்கலாம்.

போனை ஹேமந்தின் மேஜைமேல் வைத்தாள். கழுத்திலிருந்த ஐ.டி. கார்டைக் கழற்றி அதன்மேல் போட்டாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"வெளிய."

"சிஸ்டர், போன்?"

"நீரே வச்சுக்கிடும்."

ஹேமந்த் எழுந்து நின்றுவிட்டான். "போனை வெச்சுட்டுக்கூட... போவலாமா?"

"ஏன், கால் என்கிட்டதான இருக்கு?"

மோகனப்ரியா கையைப் பிடித்தாள். "கோவத்துல முடிவெடுக்காதடி."

"முடிவெடுத்தாச்சுக்கா. இப்போ நடக்க மட்டும்தான் செய்யுதேன்."

கேட்டில் போனைக் காட்டினால்தான் கம்பி சுழலும். கையை வீசிக்கொண்டு வந்தவளை எல்லப்பன் மறித்தார்.

"போன் இல்லாம வெளிய வுட முடியாதும்மா. சிஸ்டத்துல நீ உள்ளயே இருக்கறதாக் காட்டும்."

"நான் செத்துட்டேன் அண்ணாச்சி. மைக்ல சொன்னாவளே, கேக்கலையா?"

எல்லப்பன் தன் திரையில் தேடினார். உள்ளே அப்படி யாரும் இல்லை. இல்லாத ஆளை எப்படி நிறுத்துவது என்று விதிமுறையில் எதுவும் சொல்லவில்லை. அவர் லாரி கேட்டை ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் தள்ளித் திறந்தார். வெளியே வெயிலில் ஷேர் ஆட்டோக்காரன் ஸ்ரீபெரும்புதூர், ஸ்ரீபெரும்புதூர் என்று கூவிக்கொண்டிருந்தான்.

உலகம்மாள் வெளியே கால் வைத்தாள். "அந்த ஐ.டி. ஆளை எவன்தான் வேலைக்கு வச்சான்?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"அவரு வேலைய வுட்டு எட்டு மாசம் ஆவுதும்மா" என்றார் எல்லப்பன். "தன் போனை எப்பிடி வெளிய எடுக்கறதுன்னு தெரியல, அதான் எந்தப் பட்டனை அமுத்துனா இன்னா ஆவுதுன்னு வரவங்க போன்ல பாத்துகினு கீறாரு."