ஏரியைப் பார்த்த ஜன்னல்

“இன்னும் பின்னாடி போ.”

“இதுக்கு மேல போனா மீனோடதாங்க திரும்பி வருவேன்.”

டேப்பின் ஒரு முனை என்னிடம், கொல்லைச் சுவரோரம். மறுமுனை பெருந்தேவியிடம், ஏரிச் சேற்றில். மே மாதம். தண்ணீர் உள்வாங்கி எங்கேயோ கிடந்தது. ஏரிக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய பதினைந்து மீட்டரைத் தாண்டி டேப் ஓடியது.

“பாத்தியா? தாராளமா எடம் கீது.”

“கார்த்திகைல அந்தத் தண்ணி நீங்க நிக்கிற எடத்துக்கு வந்துடுமே.”

“கார்த்திகைலயா கட்டப் போறோம்?”

அவள் டேப்பின் முனையை விட்டுவிட்டுக் கரையேறினாள். புருஷனிடம் தோற்றுப்போகத் தெரிந்த மனைவி என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மறுநாள் கட்டட அனுமதி கேட்கப் போன அலுவலகத்தில் பெருமை குறைந்தது. தண்ணீர் நிற்கும் இடத்திலிருந்து அளக்கக் கூடாதாம். ஏரியின் எல்லைக்கல்லிலிருந்துதான் அளக்க வேண்டுமாம். கல் எங்கள் கொல்லைச் சுவரை உரசிக்கொண்டிருந்தது. பதினைந்து மீட்டருக்குள் கட்டுவதென்றால் விதிவிலக்கு கேட்டு மனுப் போட வேண்டும். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். அக்கம்பக்கத்தார் யாராவது ஆட்சேபித்தால் அவ்வளவுதான்.

என் ஆசை பெரிதல்ல. கொல்லையில் ஓர் அறை. அதில் ஏரியைப் பார்த்து ஒரு ஜன்னல். ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அங்கே ஜன்னலே கிடையாது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் ஏரிக் காற்றில் படுத்துத் தூங்க வேண்டும்.

பெருந்தேவிக்கு வேறு ஆசை இருந்தது. வீட்டுக்கு முன்னால்தான் கம்பெனி பஸ்கள் நிற்கும். அங்கே ஒரு டிபன் கடை. ஆனால் கையிலிருந்த பணம் ஒரு கட்டுமானத்துக்குத்தான் வரும். “ரோட்டு தூசில யாரு வந்து துன்னுவான்?” என்று போன வருஷமே அந்தப் பேச்சை முடித்துவிட்டேன். அவளும் முடித்துக்கொண்டாள்.

மனை அவள் அப்பா கொடுத்தது. பட்டா அவள் பேரில். அதனால் மனுவும் அவள் பேரில் போனது. கையெழுத்து அவளுடையது. மூளை என்னுடையது.

இனி தெருவைச் சரிக்கட்ட வேண்டும். முக்கியமாகப் பகலவன். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கோயில் ஸ்பீக்கர் மீது மனு, தெருவிளக்கு மீது மனு, எதிர்வீட்டு முருங்கை மரத்தின் மீது மனு.

“வெறுங்கையோட போவாதீங்க,” என்றாள் பெருந்தேவி. “எதுனா செஞ்சி தர்றேன்.”

நெகிழ்ந்துபோனேன். தூக்குவாளியோடு போனேன்.

“இன்னா குமாரு, திடீர்னு?”

“சும்மாதாண்ணா. வூட்ல வடகறி செஞ்சாங்க.”

அவர் சாப்பிட்டார். நான் ஏரிக் காற்றின் அருமைகளைச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். காற்றுக்கு ஆட்டுகிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பெருந்தேவி கேட்டாள். “இன்னா சொன்னாரு?”

“ஆட்சேபணை இல்லன்னாரு.”

“அது கெடக்கட்டும். வடகறி?”

“உப்பு லேசா ஏறியிருக்கு. ரிஜெக்ட் பண்ற அளவுக்கு இல்ல. ஆனா லிமிட்டுக்குப் பக்கத்துல நிக்குது. கறியில பட்டை வாசனை ஓகே.”

அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள். கல்யாணமான நாளாக என் தொழில் பேச்சை இவ்வளவு மரியாதையோடு அவள் கேட்டதில்லை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அடுத்த வீட்டில் பொங்கல். அதற்கடுத்த வீட்டில் இட்லி. நானும் விடவில்லை. உப்பு சரியா, காரம் சரியா, காலையில் சாப்பிட்டால் மதியம் வரை தாங்குமா என்று வீட்டுக்கு வீடு விசாரித்தேன். முந்தின லாட் இட்லிக்கும் இந்த லாட்டுக்கும் மென்மையில் வித்தியாசம் இருப்பதாகப் பெருந்தேவியிடம் அறிக்கை கொடுத்தேன். மாவை மாற்றினாள். அதே வீடுகளுக்கு மறுபடி அனுப்பினாள். பாஸ்.

அதிகாரி வந்த அன்று தெருவே எங்கள் கொல்லையில் நின்றது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஓர் அம்மாள். எல்லைக்கல்லைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

“யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?”

பகலவன் கையைத் தூக்கினார்.

“இன்னிக்கு எதுவும் செய்யலியாம்மா?” என்று பெருந்தேவியைக் கேட்டார்.

“ஆட்சேபணை இல்ல,” என்றார் அதிகாரி. “மனுதாரர் யாரு?”

நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தேன்.

“நீங்க இல்ல சார். பெருந்தேவின்னு இருக்கு.”

அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

“இந்த இடத்துலதான் கட்டணுமாம்மா?”

“வேணாம் மேடம்.”

ஏரியில் ஒரு கொக்கு ஒரு காலை மாற்றி வைத்தது. நான் அதுகூடச் செய்யவில்லை. தெருவில் எல்லோரையும் வீடு ஏறிக் கேட்டிருந்தேன். என் வீட்டில் கேட்கவில்லை.

“தண்ணி வர்ற எடம் மேடம் இது. மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன். முன்னாடி, ரோட்டுப் பக்கம் கட்டிக்கிறேன். டிபன் கடை.”

“தேவி!”

என் குரல் பக்கத்து வீட்டு ஜாஸ்மினின் குரலில் அமுங்கிப்போனது. செல்போன் கம்பெனி அசெம்பிளி லைனில் வேலை செய்யும் பெண்.

“அப்ப கடை உறுதியாக்கா? அண்ணன் வூடு வூடா சாம்பிள் குடுக்கறப்பவே நெனச்சேன். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பொண்ணுங்க எப்போ தொறக்குறீங்கன்னு கேட்டுகினு கீதுங்க.”

“சாம்பிளா?” என்றேன்.

“பின்ன? உப்பு சரியா, காரம் சரியான்னு கேட்டீங்களேண்ணா. மதியம் வரைக்கும் தாங்குமான்னுகூட.”

“நானும் வேற ஏரியா டிரைவருங்க கிட்ட சொல்லி வச்சிட்டேம்பா,” என்றார் பகலவன். “மனு இல்லாம, வாயாலயே.”

அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது கடை எந்த மாதம் திறக்கும் என்று விசாரித்தார். கூட்டமும் பின்னாலேயே வீட்டு முன்பக்கம் போனது.

“மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே தேவி?”

“போன வருசம் சொன்னேனே. யாரு வந்து துன்னுவான்னு கேட்டீங்க.” ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். “அதோ நிக்கிறாங்க.”

நின்றார்கள். நானே ஆளாளாகச் சேர்த்தவர்கள்.

“அப்ப ஜன்னல்?”

“கண்டிப்பா வெக்கலாங்க,” என்றாள் அன்பாக. “பார்சல் குடுக்க வேணுமே.”

ஆணியில் மாட்டியிருந்த டேப்பை எடுத்து வந்தாள். முனையை இழுத்துக்கொண்டு ரோட்டை நோக்கி நடந்தாள். டேப்பின் பெட்டி மண்ணில் உருண்டு அவள் பின்னாலேயே போனது. நான் குனிந்து அதைப் பிடித்து, வீட்டின் முன்சுவரோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.