லிப்டும் கம்ப்யூட்டரும் ஒரு தேர்தலும்

அன்று மாலை எங்கள் குடியிருப்பின் கீழே, கார் நிறுத்தும் இடத்தில் இருந்தவர்கள் விவரம்.

ஓட்டு உள்ளவர்கள் பதினேழு பேர். பழைய செயலாளர். கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய பள்ளி ஆசிரியை. பல் டாக்டர். பல் டாக்டரின் மனைவி. என் மனைவி. நான். மீதிப் பதினொரு பேர், "சீக்கிரம் முடியுமா?" என்று கேட்பதற்காகவே வந்தவர்கள்.

ஓட்டு இல்லாதவர்கள் மூன்று பேர். காவலாளி, ஒரு கைக்குழந்தை, நாலாவது மாடி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவியின் அக்கா.

இவர்களைத் தவிர ஒரு மேஜை. அதன் மேல் என் கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டர் எதற்குக் கூட்டத்துக்கு வந்தது என்று கேட்பீர்கள். வேட்பாளர் நான். பேசப்போவது அது.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டுத் தராசு பழுது பார்க்கப் போனவன். கடைகடையாகப் போய்த் தட்டு சமமாக நிற்கிறதா என்று பார்க்கும் வேலை. அதில் பேச்சுக்கு இடமில்லை. ஓய்வு பெற்ற பிறகும் பேச்சு வரவில்லை. நான்கு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு என் பெயரே சந்தேகமாகிவிடும். ஆனால் ஒற்றை விரலால் டைப் அடிக்க உட்கார்ந்தேன் என்றால் நான் வேறு ஆள். குடியிருப்பின் இணையப் பலகையில் தினம் ஒரு கருத்து எழுதுவேன். சாஃப்ட்வேர் பற்றி, ஹார்டுவேர் பற்றி, நாட்டு நடப்பு பற்றி. மூன்றும் ஒன்றுதான் என்பது என் கட்சி. தேர்தலுக்கு முன்னால் வாக்குறுதி, வாங்குவதற்கு முன்னால் விளம்பரம். அப்புறம் ஏதாவது கோளாறு என்றால், போன ஆட்சி செய்தது என்பார்கள் அங்கே. போன பதிப்பு செய்தது என்பார்கள் இங்கே.

எங்கள் லிப்ட் விஷயமும் அதே கதைதான். லிப்டுக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. லிப்ட் நின்றுபோனதும் ஹார்டுவேர்க்காரர் வந்தார். "மெஷின் தங்கம். சாஃப்ட்வேர்தான் சரியில்லை" என்று சொல்லிப் போனார். பிறகு சாஃப்ட்வேர்க்காரர் வந்தார். "புரோகிராம் தங்கம். மெஷின்தான் சரியில்லை" என்று சொல்லிப் போனார். இரண்டும் தங்கம். நாங்கள் மாடிப்படியில்.

பழைய செயலாளரிடம் முறையிட்டால் அவர் "பார்க்கலாம்" என்பார். தண்ணீர் வரவில்லையா? பார்க்கலாம். விளக்கு எரியவில்லையா? பார்க்கலாம். விளக்கில்லாமல் எப்படிப் பார்ப்பார் என்று யாரும் கேட்டதில்லை. அவர் பெயரே பார்க்கலாம் என்று ஆகிவிட்டது.

இதில் என் சொந்த நஷ்டம் என்னவென்றால், மனைவியின் அக்கா. முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் தங்கிப் போகலாம் என்று வந்தார். லிப்டில்தான் வந்தார். மறுநாள் லிப்ட் நின்றது. அன்றிலிருந்து ஐந்து மாதமாக அவர் என் கம்ப்யூட்டர் அறையில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். நான் எழுதுவதை முதுகுக்குப் பின்னாலிருந்து வாசிக்கிறார். வாசிப்பதோடு விட்டால் பரவாயில்லை.

"மாப்பிள்ளை, அரசாங்கத்தை ரொம்பத் திட்டியிருக்கீங்க. மூச்சு வாங்குது. நடுவுல ஒரு கமா போடுங்க."

நான் கமா போடுவேன். கமா போட்ட கோபம் கோபமாகவே இருக்காது.

ஆகவே ஒரு மகத்தான முடிவு எடுத்தேன். செயலாளர் தேர்தலில் நிற்பது. லிப்டை ஓட வைப்பது. அக்காவை மரியாதையோடு கீழே அனுப்பி, அறையை மீட்பது.

"நீங்களா?" என்றாள் மனைவி. "ரெண்டு நிமிஷம் மேடையில பேசணுமே?"

"பேச்சுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு."

எழுதியதை உரக்க வாசிக்கும் ஒரு சாஃப்ட்வேரை இறக்கி வைத்திருந்தேன். பட்டனைத் தட்டினேன். கம்ப்யூட்டர் கணீரென்று ஆரம்பித்தது. "அனைவருக்கும் வணக்கம் முற்றுப்புள்ளி நான் ஒரு எளிய மனிதன் முற்றுப்புள்ளி."

"என்னங்க இது, பொம்பளைக் குரலா இருக்கு?"

"ஆம்பளைக் குரலுக்குத் தனியாப் பணம் கேக்கறான்."

"ஆக, பொம்பளைக் குரல்லதான் பேசப்போறீங்க?"

"ஆமா."

"அப்ப நான் என்ன ஊமையா?"

அதை அவள் தமாஷாகச் சொன்னாள் என்று நினைத்தேன். இருபத்தொன்பது கருத்துகள் கொண்ட என் உரையில் ஒற்றுப்பிழை தேடிக்கொண்டிருந்ததால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டரின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வரும். 'அப்டேட் தயார். இப்போதா, பிறகா?' என்று கேட்கும். நான் ஒவ்வொரு முறையும் 'பிறகு' என்பேன். இது சோம்பல் அல்ல, கொள்கை. நன்றாக ஓடுகிற வண்டியை நிறுத்திச் சக்கரம் மாற்றுகிற வேலைக்கு நான் உடந்தையாக மாட்டேன்.

"பாவம், அதுவும் எத்தனை நாளாக் கேக்குது," என்பார் அக்கா. "ஒரு தடவை சரின்னு சொல்லக் கூடாதா மாப்பிள்ளை? நீங்களும் அந்தப் பார்க்கலாமும் ஒரே ஜாதகமா?"

இதற்கு மட்டும் நான் கமா கூடப் போடவில்லை.

தேர்தல் நாள் வந்தது. கம்ப்யூட்டரை நானும் காவலாளியும் நாலு மாடி கீழே இறக்கினோம். பெட்டி ஒரு நடை, திரை ஒரு நடை, ஒலிபெருக்கியும் ஒயர்களும் ஒரு நடை. காவலாளி கேட்டார்: "சார், இதுக்கு நீங்களே பேசியிருக்கலாமே? கனம் கம்மி."

கூட்டம் தொடங்கியது. முதலில் பார்க்கலாம் பேசினார். லிப்டைப் பற்றிப் பரிசீலனை நடப்பதாகவும், பரிசீலனையின் முடிவைப் பரிசீலிக்கப் போவதாகவும் சொன்னார். அடுத்து ஆசிரியை என் பெயரைக் கூப்பிட்டார். நான் எழுந்து, ஒரு கும்பிடு போட்டு, பட்டனைத் தட்டினேன்.

"அனைவருக்கும் வணக்கம் முற்றுப்புள்ளி நான் ஒரு எளிய"

அத்தோடு நின்றது. திரை நீலமானது. 'அப்டேட் நடக்கிறது. அணைக்க வேண்டாம். 1%.'

பதினாறு பேரும் என்னைப் பார்த்தார்கள். கைக்குழந்தையும் பார்த்தது. நான் திரையைப் பார்த்தேன். 2%.

"அடுத்த தேர்தலுக்குள்ள நூறு வந்துடுமா?" என்றார் பார்க்கலாம். சிரிப்பு அடங்குவதற்குள் 3%.

"ஒரு எளிய என்ன சார்?" என்று பல் டாக்டர் கேட்டார். அவர் நல்ல மனிதர். வாயைத் திறங்கள் என்று சொல்லியே பழகியவர். நானும் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

அப்போது என் மனைவி எழுந்தாள்.

"டீச்சர், அது வேகிற வரைக்கும் சும்மாத்தானே உக்காந்திருக்கோம்? நான் ரெண்டு வார்த்தை சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"பெரிசா ஒண்ணுமில்லை. நம்ம லிப்டுக்கு ரெண்டு பேர் வந்து போறாங்க. அவர் இவரைச் சொல்றார், இவர் அவரைச் சொல்றார். அவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்திருக்காங்களா?"

அவளே பதிலும் சொன்னாள்.

"பார்த்ததே இல்லை. ஒருத்தர் திங்கட்கிழமை, ஒருத்தர் வியாழக்கிழமை. ரெண்டு பேரையும் ஒரே நாள்ல வரச் சொல்லி, லிப்ட் வாசல்ல சேர்த்து நிக்க வெச்சா என்ன? என் முன்னால சொல்லட்டும், யார் மேல தப்புன்னு. டீயும் நானே போட்டுத் தர்றேன்."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து மாதமாக இது யாருக்கும் தோன்றவில்லையே என்ற பார்வை.

எனக்குத் தோன்றியிருந்தது! அது என்னுடைய பதினோராவது கருத்து! வார்த்தைக்கு வார்த்தை! டீ மட்டும்தான் அவளுடையது. எழுந்து சொல்ல வேண்டும் என்று துடித்தேன். தொண்டை 'பிறகு' என்றது.

"அப்படிக் கூப்பிட விதிமுறையில இடமில்லையே," என்றார் பார்க்கலாம்.

நாலாவது மாடியிலிருந்து ஒரு குரல் இறங்கியது. "ஏன் சார், விதிமுறையா என்னைத் தூக்கிக்கிட்டுக் கீழே வரும்?"

பல் டாக்டரின் மனைவி கை தூக்கினார். "செயலாளர் பதவிக்கு இவங்க பேரை நான் முன்மொழியறேன்." டாக்டர் வழிமொழிந்தார். எங்கள் சங்கத்தில் ஓட்டுச் சீட்டு கொடுக்கும் நிமிடம் வரை யார் பெயரையும் சொல்லலாம். அந்த விதியைத் தேடிக் கண்டுபிடித்துப் போன மாதம் இணையப் பலகையில் விளக்கி எழுதியவன் நான்தான்.

டாக்டரின் கையுறைப் பெட்டிதான் ஓட்டுப்பெட்டி. என் முறை வந்தது. ஒரு பக்கம் திரையில் 61%. இன்னொரு பக்கம் பால்கனியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்க்கும் அக்கா. நான் தராசு பிடித்த கைக்காரன். எந்தத் தட்டு தாழ்கிறது என்று எனக்குத் தெரியும். எழுதி, நான்காக மடித்துப் போட்டேன்.

ஆசிரியை எண்ணினார். பழைய செயலாளர் ஏழு. என் மனைவி ஒன்பது. நான் ஒன்று.

சரியாக அதே நேரத்தில் அப்டேட்டும் முடிந்தது. உயிர் வந்துவிட்டதா என்று பதற்றத்தில் ஏதோ ஒரு பட்டனைத் தட்டினேன். ஒலிபெருக்கி முழங்கியது. "என்னைத் தேர்ந்தெடுத்த உங்கள் நல்ல உள்ளங்களுக்கு நன்றி முற்றுப்புள்ளி."

பெண் குரல். எல்லோரும் என் மனைவியைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை வைத்தேன்.

"அப்டேட் எப்படித் தானா ஆரம்பிச்சது?"

"தானா எங்கே? காலையில அது கேட்டுச்சு மாப்பிள்ளை, எப்ப வெச்சுக்கலாம்னு," என்றார் அக்கா. "இவதான் சாயங்காலம் அஞ்சு மணின்னு குடுத்தா."

"ஏன் அஞ்சு மணி?"

"அஞ்சு மணிக்குத்தானே நீங்க வீட்டுல இருக்க மாட்டீங்க?" என்றாள் மனைவி. "உங்க எழுத்து வேலைக்கு இடைஞ்சல் இல்லாம இருக்கட்டுமேன்னு."

"அதையும் தூக்கிக்கிட்டுத்தான் போவேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன?"

"சரி. நீ பேசினது என் பதினோராவது கருத்து."

"ஆமா. இருபத்தொன்பதுல அது ஒண்ணுதான் நல்லா இருந்தது. அது வர்றதுக்குள்ள எல்லாரும் எழுந்து போயிருப்பாங்க. அதான் முதல்ல எடுத்து வெச்சேன்."

எனக்குக் கோபப்படத் தெரியவில்லை. இருபத்தொன்பதையும் ஒருத்தி படித்திருக்கிறாள். என் எழுத்து வாழ்க்கையில் இது முதல் தடவை.

"எனக்கு விழுந்த அந்த ஒரு ஓட்டு?"

"நான்தான். வேற யார் போடுவா? கட்டிக்கிட்டவரை நடுச்சபையில பூஜ்யமா நிக்க விட முடியுமா? அது சரி, நீங்க யாருக்குப் போட்டீங்க?"

"அது ரகசிய வாக்கெடுப்பு."

"உங்களுக்கு மொத்தமே ஒண்ணு. அது என்னோடது. அப்ப உங்களோடது எங்கே போச்சு?"

கணக்கில் என்னை மடக்க இந்த உலகத்தில் ஒருத்திதான் உண்டு. நான் கம்ப்யூட்டரின் ஒயர்களை மாட்டுவது போல மேஜைக்கு அடியில் போய்விட்டேன். அங்கே உட்கார்ந்து சரி பார்த்தேன். அவள் தனக்கே போட்டு, நானும் எனக்கே போட்டிருந்தாலும் ஏழு, ஒன்பது, ஒன்றுதான். ஆனால் இந்த ஏழு, ஒன்பது, ஒன்றின் எடை வேறு.

அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். லிப்ட் வாசலில் டீயோடு நிறுத்தி வைத்தாள் புதிய செயலாளர்.

"கதவு சென்சாரை மாத்தினேனே, தெரியுமில்ல?" என்றார் ஹார்டுவேர்க்காரர்.

"எப்ப மாத்தினீங்க?" என்றார் சாஃப்ட்வேர்க்காரர். "என் புரோகிராம் இன்னும் பழசைத் தேடிக்கிட்டிருக்கே!"

அவ்வளவுதான் ஐந்து மாதம். டீ ஆறுவதற்குள் லிப்ட் ஓடியது.

வெற்றி, அறை மீண்டது என்று நான் அக்காவின் துணிப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படி வழியாகவே கீழே ஓடினேன். அக்கா லிப்டில் இறங்கினார். வாசலில் நின்று வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டார். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்தார், திரும்பி வந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

"ஆட்டோ கூப்பிடட்டுமா?" என்றேன்.

"எதுக்கு மாப்பிள்ளை? இவ்வளவு நாள் கீழே வர முடியலையேன்னுதான் ஏக்கம். இனிமே தினம் ரெண்டு தடவை வந்து போகலாம். இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டே போறேன்."

"அதுவும் சரிதான்க்கா," என்றாள் மனைவி. "உன் கட்டில் பக்கத்துலேயே எனக்கும் ஒரு மேஜை போட்டுக்கறேன். செயலாளருக்கு ஒரு அறை வேணுமே."

லிப்டில் நான்கு பேர் ஏறலாம். அக்கா ஏறினார். செயலாளர் ஏறினார். சரிபார்க்க ஹார்டுவேர்க்காரர் ஏறினார். அவரைச் சரிபார்க்கச் சாஃப்ட்வேர்க்காரர் ஏறினார். கதவு அழகாக மூடியது.

கீழே மிச்சம்: துணிப்பெட்டி ஒன்று, நான் ஒருவன்.