தோற்றவர் உள்ளே வரவும்

"அடுத்தது யாருங்க?"

பல் டாக்டர் கதவைத் திறந்து கேட்டாள். வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். கூட்டத்துக்கு நடுவிலிருந்து கொசு ரீங்காரம் போல ஒரு கார்ச் சத்தம் வந்தது.

"தையல்காரர் யாரு? உங்க முறைதான்."

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் மேலே வந்தது. "இன்னும் ஒரே ஒரு சுற்று, டாக்டர். அதுவரைக்கும் வேற யாரையாவது கூப்பிடுங்க."

வேறு யாரைக் கூப்பிட்டாலும் இதே கதைதான். கையுறையை மாட்டிக்கொண்டு, காலி நாற்காலிக்குப் பக்கத்தில், பஸ்ஸுக்கு ஆள் பிடிக்க நிற்பவள் மாதிரி அவள் நின்றுகொண்டிருந்தாள்.

கிளினிக் திறந்த புதிதில் நிலைமை நேர்மாறாக இருந்தது. உள்ளே பல் ராவும் கருவி கிர்ரென்று சுழலத் தொடங்கியதும், வெளியே இருப்பவர்கள் ஒவ்வொருவராக மாடிப்படி இறங்கிவிடுவார்கள். ஒருவர் செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டார். வரவேற்பு மேசையில் இருந்த அக்காதான் அதற்கு வழி சொன்னாள். சத்தம் காதில் விழாதபடி மனசை வேறு எங்காவது கட்டிப்போட வேண்டும் என்றாள். டாக்டரின் வீட்டில் தம்பி விட்டுவிட்டுப் போன ஒரு கம்ப்யூட்டர் தூசி பிடித்துக் கிடந்தது. அதில் ஒரு கார் ரேஸ் இருந்தது. தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள்.

டாக்டர் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே பழசாகிப்போன விளையாட்டு அது. திரையின் நடுவில் ஒரு கோடு. மேல் பாதியில் சிவப்புக் கார், கீழ்ப் பாதியில் நீலக் கார். கார் என்றால் சக்கரம் வைத்த சோப்புக்கட்டி. மரமெல்லாம் பச்சைச் சதுரம். மலைக்கு மேலே ஒரு சூரியன், அது மறைவதே இல்லை. ஆனால் பாலம் தாண்டியதும் ஒரு வளைவு வரும். அங்கே வேகத்தைக் குறைத்தால் பின்னால் வருபவன் முந்திவிடுவான். குறைக்காவிட்டால் கார் நேராக வைக்கோல் போரில் போய்ச் செருகிக்கொள்ளும். அந்த ஒரு வளைவுக்காகத்தான் எல்லோரும் பைத்தியமாக அலைந்தார்கள். நிஜம் போலவே கார் ஓடும் செல்போன்களைச் சட்டைப் பையில் வைத்திருந்தவர்கள்கூட அவற்றை வெளியே எடுக்கவில்லை. கற்றுக்கொள்ள ஒரு சுற்று போதும்; அலுத்துப்போக ஓர் ஆயுள் போதாது.

விளைவு, இப்போது யாரும் ஓடிப்போவதில்லை. யாரும் உள்ளே வருவதும் இல்லை.

முறை வந்ததும் பாதி ஆட்டமானாலும் எழுந்துவிட வேண்டும் என்று முதலில் ஒரு கட்டளை போட்டாள். அன்றிலிருந்து காத்திருப்போர் அறையில் மரியாதை கரைபுரண்டு ஓடியது. நீங்கள் வயதானவர், முதலில் போங்கள் என்றார் ஒருவர். நீங்கள் வேலைக்குப் போகிறவர், உங்களுக்குத்தான் அவசரம் என்றார் அந்த வயதானவர். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகியபடி படியேறி வந்த ஓர் அம்மாள்கூட, தனக்கு ஒன்றும் அவசரமில்லை, சாயங்காலம்வரை பொறுக்கும் வலிதான் என்று சொல்லிவிட்டாள்.

சரி, விளையாட்டை விட்டு அவர்கள் வரமாட்டார்கள் என்றால், விளையாட்டே உள்ளே வரட்டும் என்று டாக்டர் முடிவு செய்தாள். கம்ப்யூட்டரை நாற்காலிக்கு எதிரே வைத்து, விசைப்பலகையை நோயாளியின் மடியில் வைத்தாள். முதலில் உட்கார்ந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் என்று அந்தத் தெருவில் பெயரெடுத்தவர். கார் இடப்பக்கம் வளைந்தபோது அவர் தலையும் இடப்பக்கம் சாய்ந்தது. கண்ணாடியை அவர் வாய்க்குள் வைத்திருந்த டாக்டரும் கூடவே சாய்ந்தாள். கடைசி நேர்ப்பாதையில் கம்ப்யூட்டர் ஓட்டிய கார் முந்தப் பார்த்ததும், ஆசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். நடுவில் டாக்டரின் விரல் இருந்தது.

அன்றைக்கே கம்ப்யூட்டர் வீட்டுக்குத் திரும்பிப் போனது.

மறுநாள் வந்தவர்கள் காலி மூலையைப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போலத் தாழ்ந்த குரலில் அக்காவிடம் விவரம் கேட்டார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் வலி தானாகவே விட்டுவிட்டது. தையல்காரர் படியிலேயே நின்று, பல் இப்போது கல் மாதிரி இருப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மத்தியானம்வரை டாக்டர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு தானே போய், கம்ப்யூட்டரை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வரும் வழியில்தான் அந்த யோசனை வந்தது. அக்கா அதைக் கொட்டை எழுத்தில் எழுதி, திரைக்கு மேலே சுவரில் ஒட்டினாள்.

"தோற்றவர் உள்ளே வரவும்."

டாக்டரே எதிர்பார்க்காத அளவுக்கு அது பலித்தது. இரண்டு பேர் ஓட்டுவார்கள். தோற்றவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாற்காலிக்கு வந்துவிடுவார். ஜெயித்தவர் அடுத்தவரோடு மோதுவார். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சாக்குச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஒரே வாரத்தில் தையல்காரருக்கு இரண்டு பல் அடைத்தாயிற்று.

எல்லாம் அந்தத் தீயணைப்பு வண்டி ஓட்டுநர் வரும்வரைதான்.

கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. எரிகிற கிடங்குக்குள் இரண்டு தடவை நுழைந்து ஆட்களைத் தோளில் தூக்கி வந்தவர். அவரை அவர் மனைவி சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கீழ்க் கடவாய்ப்பல் முழுக்கச் சொத்தை என்றும், நெருப்பைப் பார்த்தால் முன்னால் ஓடுகிற மனிதருக்குப் பல் டாக்டர் என்றதும் முழங்கால் வலி வந்துவிடுகிறது என்றும் அவள் அக்காவிடம் முறையிட்டாள். ஓட்டுநர் காதில் எதுவும் விழவில்லை. அவர் கண் மூலையில் இருந்த திரையில் பதிந்துவிட்டது. முகம் பூத்துவிட்டது. அவருடைய தீயணைப்பு நிலையத்திலும் இதே விளையாட்டுத்தான். ஓர் அபாய மணிக்கும் அடுத்த அபாய மணிக்கும் நடுவே, வருஷக்கணக்காக அவர்களுக்கு வேறு வேலையே இல்லை.

உட்கார்ந்தார். ஜெயித்தார். அடுத்தவரையும் ஜெயித்தார். அன்று அங்கே இருந்த அத்தனை பேரையும் டாக்டரிடம் அனுப்பிவிட்டு, கடைசியில் எதிரே ஆள் இல்லாமல் எழுந்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மனைவி இழுக்காமலே வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். பாலம் தாண்டிய வளைவில் அவருடைய சிவப்புக் கார் வெண்ணெயில் கத்தி போவது போலப் போகும். செய்தி பரவி, பல்வலியே இல்லாதவர்களெல்லாம் அவரோடு மோத வந்தார்கள், தோற்றார்கள், பல்லைச் சுத்தம் செய்துகொண்டு போனார்கள். டாக்டருக்குக் கை ஓய்வதற்கு நேரமில்லை. சுற்றுவட்டாரத்தில் உள்ள பல்லெல்லாம் பளிச்சென்று ஆகிக்கொண்டிருந்தது, ஓட்டுநரின் சொத்தைப் பல் ஒன்றைத் தவிர.

அவள் கெஞ்சிப் பார்த்தாள். அவர் சுவரைக் காட்டினார்.

"சட்டம் நீங்க போட்டதுதானே, டாக்டர். தோத்தா வர்றேன்."

அந்த வாரக் கடைசியில் அவர் கன்னம் ஒரு பக்கம் உப்பிவிட்டது. அவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் டார்ச்சோடு பக்கத்தில் குந்தி, வாயைக் கொஞ்சம் திறக்கச் சொன்னாள். வளைவு வருகிறது, பிறகு பார்க்கலாம் என்றார். எப்படியோ எட்டிப் பார்த்துவிட்டாள். வேரில் சீழ் கட்டியிருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தாள். அவர் மனைவியைத் தனியே அழைத்து, வீக்கம் மாத்திரையில் அடங்கினாலும் பல்லை எடுத்தே தீர வேண்டும், விட்டால் தாடை எலும்புக்குப் போய்விடும், விளையாட்டில்லை என்றாள். வேறு டாக்டரிடமாவது கூட்டிப் போகும்படி சொன்னாள்.

"வேற எங்கேயும் படியேற மாட்டாரும்மா. இங்க மட்டும்தான் வர்றார்," என்றாள் மனைவி. அவள் கண் கலங்கியிருந்தது. "யாராவது அவரைத் தோக்கடிச்சாத்தான் உண்டு."

அன்று சாயங்காலம் டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, ஓட்டுநருக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். வாழ்நாளில் அவள் அந்த விளையாட்டைத் தொட்டதில்லை. ஆனாலும் இத்தனை நாள் முதுகுகளுக்குப் பின்னாலிருந்து பார்த்ததில் விஷயம் புரிந்துவிட்டதாக ஒரு நம்பிக்கை.

கொடி இறங்கியதும் அவளுடைய நீலக் கார் பின்னால் போனது. திருப்பினாள், மரத்தில் மோதியது. பாலத்தைக் கண்டுபிடித்து ஏறியபோது எதிரே ஒரு சிவப்புக் கார் வந்தது. தான்தான் தப்பான திசையில் போய்க்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிவதற்குள் ஓட்டுநர் எல்லைக் கோட்டைத் தாண்டி, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே, டாக்டர்?" என்றார் தையல்காரர், மெதுவாக.

அக்காவைத் துணைக்குப் பார்த்தாள். அக்கா ஏற்கெனவே கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருஷத்தில் டாக்டர் அந்த நாற்காலியில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. சாய்ந்ததும் விளக்கு கண்ணைக் குத்தியது. மேலே குனிந்து பார்த்த முகங்களெல்லாம் பூதாகரமாகத் தெரிந்தன. தட்டில் ஏதோ ஒரு கருவி 'டிங்' என்றதும், ஷூவுக்குள் அவள் கால்விரல்கள் தானாகச் சுருண்டன. அக்கா கையில் வைத்திருந்தது வெறும் கண்ணாடிதான் என்று தெரிந்தும், கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இப்போது எல்லோரும் சிரித்தார்கள். கதவோரம் நின்ற ஓட்டுநர் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் கிட்டே வந்தார்.

"பயமா இருந்துதா, டாக்டர்?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "ஆமாங்க," என்றாள். "ரொம்ப."

அவர் வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டார். பிறகு, அன்றைக்கு மேற்கொண்டு விளையாடாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

அடுத்த போட்டி ஒரு வாரம் கழித்து என்று டாக்டர் சொல்லி அனுப்பினாள். அதற்குள் மாத்திரை வேலை செய்து வீக்கம் வடிந்துவிடும். அவளும் ஓட்டப் பழகிவிடலாம். சாப்பாட்டு வேளையில் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவோடு ஓட்டினாள். அக்கா ஈவிரக்கமில்லாத வாத்தியாராக இருந்தாள். பிரேக்கை எதற்குத் தொடுகிறீர்கள், விரலை எடுங்கள் என்று அதட்டினாள். டாக்டருக்குக் கை கழுவும்போது அந்த வளைவு. பல் தேய்க்கும்போது அந்த வளைவு. கண்ணை மூடினால் வைக்கோல் போர். இரண்டாம் நாள் சரியான திசையில் போனாள். நாலாம் நாள் வளைவில் மோதாமல் திரும்பினாள். அது எவ்வளவு மெதுவாக இருந்தாலும், பெருமை தாங்காமல் எழுந்து நின்று அக்காவைக் கட்டிக்கொண்டாள். பழசு, குழந்தைத்தனம் என்று தான் ஒதுக்கி வைத்த சமாச்சாரம் ஏன் இத்தனை காலமாகச் சாகாமல் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது.

போட்டி நாளன்று நிற்க இடமில்லை. படிக்கட்டிலும் ஆட்கள். ஓட்டுநரின் மனைவி முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கொடி இறங்கியது. சிவப்பு முன்னால், நீலம் பின்னால். ஆனால் பார்வையிலிருந்து மறையும் அளவுக்கு முன்னால் இல்லை. இரண்டாவது சுற்றிலும் நீலம் விடாமல் ஒட்டிக்கொண்டே போனது. டாக்டர் நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்று, பாலம், வளைவு. சிவப்புக் கார் வளைவில் நுழைந்தது, வழுக்கியது, நேராக வைக்கோல் போருக்குள் போனது. அது வைக்கோலைத் தொட்டு அங்கே ஒருவரும் பார்த்ததில்லை. அது பின்வாங்கித் திரும்புவதற்குள் நீலக் கார் தளர்நடை போட்டு வளைவைக் கடந்து, நேர்ப்பாதையில் ஏறி, கோட்டைத் தாண்டிவிட்டது.

மாடியே அதிர்ந்தது. தையல்காரர் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். டாக்டர் விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டம் வாங்கிய அன்றுகூட நெஞ்சு இப்படி நிறைந்ததில்லை.

ஓட்டுநர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். எரிகிற கட்டடத்துக்குள் போகிறவர் போல நிமிர்ந்து உள்ளே போனார். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை இறுக மூடி, வாயைத் திறந்தார்.

மரக்க வைக்கும் ஊசியைப் போட்டாள். காத்திருந்தாள். பிறகு பல்லை மெல்ல அசைத்து எடுத்துத் தட்டில் போட்டாள்.

"எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று அவர் குழறினார்.

"முடிஞ்சுருச்சுங்க."

அவர் ஒரு கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்தார். இன்னொரு கண்ணையும் திறந்தார். வாயில் பஞ்சோடு, இரண்டு விரலில் பல்லை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவர் வெளியே வந்தபோது, ஜெயித்தவளுக்குக் கிடைத்ததைவிடத் தோற்றவருக்குப் பலமான கைதட்டல் கிடைத்தது. தோளில் தட்டினார்கள். பல்லைக் கை மாற்றிப் பார்த்தார்கள். பஞ்சை ஒதுக்கிக்கொண்டு, எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை என்று அவர் அடுத்து உட்கார வேண்டியவருக்குத் தைரியம் சொன்னார்.

வரவேற்பு மேசைக்கு அருகில் டாக்டர் அவர் மனைவிக்கு மருந்து சாப்பிடும் முறையைச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. வளைவில் பிரேக்கை எங்கே விட்டாள், எங்கே திருப்பினாள் என்று கையைக் காற்றில் வளைத்து வளைத்துக் காட்டினாள்.

"சும்மா ஜெயிக்கலைங்க," என்றாள். "ஒரு வாரமா உட்கார்ந்து பழகினேன்."

மனைவி மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். கூட்டத்துக்கு நடுவில் நின்ற கணவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"அவரும்தாம்மா ஒரு வாரமா பழகினார், உங்களைவிட மெதுவா ஓட்டறதுக்கு."