அரைமணிச் சட்டமும் கோழிமணிப் போரும்

வாழ்க கோகிலன்! பேராக் மாநிலத்து ஜெலாப்பாங் ஊரில் வரிசை வீட்டின் காவலன், நடுவில் குழிந்துபோன சோபா என்னும் அரியணையில் வலப்பக்கம் மட்டுமே அமரும் வலியோன், லாரி ஓட்டிக் காய்த்த கரத்தில் ரிமோட் என்னும் செங்கோல் ஏந்திய செம்மல், கோலா கங்சார் ரப்பர்த் தோட்டத்தில் புலிக்கும் அட்டைக்கும் அஞ்சாத பரம்பரையில் உதித்த கோமான், வாழ்க! (புலியை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அட்டை இருந்தது உண்மை.) அப்பேர்ப்பட்டவன் தன் ஐந்து வயது மகளோடு பொருது பட்ட பாட்டைச் சொல்லப் புகுந்தேன். சுவரில் தொங்கும் அணங்கே, கண்ணாடிக்குள் உலகத்தை அடைத்து வைத்திருக்கும் மாயக்காரியே, டிவி என்னும் திருநாமம் உடையவளே, என் நாவில் வந்து நில்! நீ நல்லவள் என்று நான் நம்பவில்லை. வழக்கம் என்பதால் கேட்டு வைக்கிறேன்.

போரின் வித்து பாலர் பள்ளி வாசலில் விழுந்தது. "உங்க பிள்ளை கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்குது. வீட்ல டிவி ரொம்ப நேரமோ?" என்று டீச்சர் எய்த ஒரு சொல், பத்து டன் லாரியை ஒற்றைக் கையால் திருப்பும் கோகிலனின் நெஞ்சில் பாய்ந்து முதுகு வழியே வெளியேறியது. அன்றிரவு சோற்றுத் தட்டின் முன்னே, மழைக்கால பேராக் ஆறு கரையுடைத்தாற்போல எழுந்து அவன் முழங்கினான்:

"இந்த வீட்ல இனிமே ஒரு நாளைக்கு அரை மணிதான் டிவி!"

ஏன் அரை மணி? முப்பது நிமிடத்தில் கெடாத கண் முப்பத்தோராவது நிமிடத்தில் கெட்டுவிடுமா? இதை அளந்தவன் யார்? எனக்கு இந்தக் கணக்கில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் அதற்கு ஓர் அளவு வேண்டும்.

அப்போது, கையுறைத் தொழிற்சாலையில் நாளெல்லாம் நின்று கால் கடுத்து வந்தவளும், மருமகளுக்கு விஷம் வைத்தவள் யார் என்று அறியத் தினமும் ஏழு மணி நாடகத்துக்குத் தவம் கிடப்பவளுமாகிய அவன் மனைவி தினேஸ்வரி, குழம்புக் கரண்டியை நிறுத்திக் கேட்டாள்: "பிள்ளைக்கு மட்டுமா, உங்களுக்குமா?"

வாயை மூடியிருக்க வேண்டிய இடம் இதுதான். மூடினானா? இல்லை. வீரனுக்கு வாய் எப்போதும் தோளைவிட அகலம்.

"எல்லாருக்கும்தான் லா! ஆளுக்கு அரை மணி. இந்த வீட்ல சட்டம்னா எனக்கும் சேர்த்துத்தான் சட்டம்!"

மறுநாளே பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலிருந்து அச்சட்டத்தின் காவல் தெய்வத்தை வாங்கி வந்தான். செங்கொண்டை சூடிய பிளாஸ்டிக் சேவல் அது. வயிற்றைத் திருகி வைத்தால் டிக்டிக்கென்று பொறுத்திருந்து, நேரம் முடிந்ததும் கழுத்தறுபட்டதுபோல் வீடே அதிரக் கத்தும். கோழிமணி என்று அதற்குப் பெயர் விழுந்தது. அது கத்தினால் டிவி அணையும். விஷம் வைத்தவள் பெயரைச் சொல்ல நாடகத்து மாமியார் வாய் திறந்த நேரத்தில்கூட அது கத்தியது. தினேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போய் மீன் கழுவினாள்.

இப்படியே சட்டம் செழித்திருந்த நாளில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை, கோகிலனின் குலக்கொடி, இரட்டைச் சடைக்காரி, எதிரியின் கண்ணை இமைக்காமல் பார்க்கும் இளஞ்சிங்கம் ஷர்மினி, தன் அரைமணியை ஒரு முயல் கார்ட்டூனுக்குச் செலவிட்டாள். நரி துரத்த முயல் ஓட, ஓடிய முயல் பள்ளத்தின் விளிம்பில் கால் வழுக்கி, காது இரண்டும் மேலே பறக்கக் கீழே போய்க்கொண்டிருந்த அந்தக் கணத்தில் கோழி கத்தியது. இரும்பு விரலால் பொத்தானை அழுத்தினான் தகப்பன். முயல் இருட்டில் விழுந்தது. பிள்ளை அழவில்லை. அழாத பிள்ளையை நம்பவே கூடாது.

மதியம் தினேஸ்வரி ஓவர்டைமுக்குக் கிளம்பினாள். அன்றுதான் பூப்பந்து இரட்டையர் இறுதியாட்டம் என்பது அவளுக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டே சூளுரைத்தாள்: "சட்டம் போட்டது நீங்க. நான் இல்லாதப்ப நீங்களே ஒடைச்சீங்கன்னா, அப்புறம் இந்த வீட்ல உங்க பேச்சுக்கு மரியாதை இல்ல. சொல்லிட்டேன்."

"என் வாக்கு மாறாது லா!" என்றான் அவன்.

ஆட்டம் தொடங்கியது. மட்டைகள் வாளெனச் சுழல, இறகுப்பந்து இந்திரன் எறிந்த வச்சிரமென இறங்க, நம்மவர் முதல் செட்டை வென்றனர். சோபாவில் கோகிலன் துள்ளிய துள்ளலில் சுவர்ப்பல்லி இடம் மாறியது. அவனருகே, மடியில் கோழியை வைத்து அடைகாத்தபடி ஷர்மினி அமர்ந்திருந்தாள். அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. கோழியின் வயிற்றைப் பார்த்தாள்.

இரண்டாவது செட்டின் நடுவில், பந்து வலைக்குமேல் நின்று இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யோசித்த அந்தக் கணத்தில், ஊழிக்காலத்துச் சங்கு போல அது கத்தியது.

"அப்பா, நேரம் முடிஞ்சிருச்சு லா."

"பாப்பா, அம்மாவோட அரை மணி இருக்குல்ல? அத நான் எடுத்துக்கிறேன்."

"அம்மா வேலைக்குப் போயிட்டாங்க. அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

"அப்ப உன் அரை மணியக் குடு."

"நான் காலைலயே பாத்து முடிச்சிட்டேன்."

"அஞ்சே நிமிஷம்மா! யாரு ஜெயிச்சான்னு தெரிய வேணாமா?"

ஷர்மினி எழுந்து திரைக்கு முன்னால் நின்றாள். லூமுட் துறையில் நங்கூரம் பாய்ச்சிய போர்க்கப்பலும் அப்படி நின்றதில்லை.

"முயலுக்கு என்ன ஆச்சுன்னு எனக்கும்தான் தெரியல," என்றாள்.

கண்டங்கத்திரி முள்ளெனத் தைத்தது அச்சொல். அணைக்காவிட்டால் சட்டம் சாகும், அதோடு அவன் வாக்கும் சாகும். அணைத்தால் இறுதியாட்டம் போகும். மாவீரன் செங்கோலை அழுத்தினான். திரை இருண்டது. தெருமுனையிலிருந்து மட்டும் ஓர் ஆரவாரம் கேட்டது.

நாசர் அண்ணன் சாப்பாட்டுக் கடை! அங்கே சுவரகலத் திரை உண்டு. தோற்ற வேந்தன் கோட்டையின் சுரங்க வழியைக் கண்டாற்போலக் கோகிலன் சட்டையை மாட்டினான். பிள்ளையைத் தனியே விட முடியாது, தூக்கிக்கொண்டு ஓடினான். பிள்ளை கோழியைத் தூக்கிக்கொண்டது.

கடைக்குள் நுழைந்தால், ஜெலாப்பாங்கின் தகப்பன்மார் எல்லாரும் ஆளுக்கொரு தே தாரிக் தேநீரோடு அங்கே அகதிகளாய் அமர்ந்திருந்தார்கள்.

"வாங்க கோகிலன், நீங்க ஒருத்தர்தான் பாக்கி," என்றார் கடைக்காரர் அப்துல் நாசர்.

மூன்றாவது செட். பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. கடை மூச்சு விடவில்லை. வரும்போதே மறுபடியும் திருகப்பட்டிருந்த கோழி அப்போது கத்தியது. தகப்பன்மார் அத்தனை பேரும் பிடிபட்ட திருடர்கள் போல எழுந்துவிட்டார்கள். பாதிப் பேர் மோட்டார் சைக்கிள் சாவியையே எடுத்துவிட்டார்கள்.

"மச்சான், உன் வீட்லயும் கோழியா?" என்று கேட்டான் பக்கத்து வீட்டு ஜெயபாலன். தன் வீட்டில் சட்டமே கிடையாது, ஆம்பளை வைத்ததுதான் நேரம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் அவன்.

எல்லாக் கண்களும் ஷர்மினியின் மேல் விழுந்தன. அவள் திரையைப் பார்த்தாள், கோழியைப் பார்த்தாள், தீர்ப்பளித்தாள்: "இது நம்ம வீட்டு டிவி இல்ல. கடை டிவிக்குச் சட்டம் இல்ல."

கடையே கரவொலியில் அதிர்ந்தது. அந்த அதிர்வில் கடைசி இரண்டு புள்ளியை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. நம்மவர் தோற்றிருந்தார்கள்.

தகப்பன்மார் தலை தொங்கிக் கலைந்தனர். ஷர்மினி கலையவில்லை. கடை டிவிக்குச் சட்டம் இல்லையே! செய்தி பார்த்தாள், சமையல் பார்த்தாள், யாரோ இருவர் கட்டிப்பிடித்து உருளும் மல்யுத்தமும் பார்த்தாள். காலை முயல் சாயங்காலம் மறுபடியும் வரும் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. தன் வாக்கில் தானே கட்டுண்ட கோகிலன், ரொட்டி சானாய்க்குமேல் ரொட்டி சானாயாக வாங்கிக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் கிடந்தான்.

வேலை முடிந்து இரவுச் சாப்பாடு கட்டிப்போக வந்த தினேஸ்வரி, வாசலிலேயே காளியென நின்றாள். "என்னங்க லா இது?"

"வீட்ல சட்டம் ஒடையல தினேஸ்! வேணும்னா போய் டிவியத் தொட்டுப் பாரு, சூடே இருக்காது!"

"உஷ்!" என்றாள் மகள். "முயல் வருது."

நரி துரத்தியது. முயல் ஓடியது. விளிம்பில் வழுக்கியது. காதுகள் மேலே பறந்தன. தாய், தகப்பன், தே தாரிக் ஆற்றிய கை அந்தரத்தில் நின்ற அப்துல் நாசர் என எல்லாரும் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே வெறும் சேறு. முயல் எழுந்து காதை உதறிக்கொண்டு ஓடிவிட்டது.

தினேஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டு, கடுத்த காலை நீட்டி உட்கார்ந்தாள். மகள் மடியிலிருந்த கோழியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பின்பு அண்டம் கேட்கக் கேட்டாள்: "நாசர் அண்ணே, இது முடிஞ்சதும் நாடகம் போடுவீங்களா?"

அந்தக் கோழிமணியை இப்போது முட்டை அவிக்க எடுக்கிறார்கள்.