ஃபிரிட்ஜில் ஒட்டிய தீர்ப்பு

பத்து மணிக்குத் தீர்ப்பு வாசித்தாக வேண்டும். ஒன்பது அடித்துவிட்டது, படிக்கிற கண்ணாடியைக் காணவில்லை.

வணிகப் போட்டி ஆணையத்தின் உறுப்பினரான அவர் வழக்கம்போல், "ஏம்மா, என் கண்ணாடி..." என்று ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சோபாவில் கால் நீட்டிப் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "என்னைக் கேக்கக்கூடாதுங்க. ஃபிரிட்ஜைப் பாருங்க."

ஃபிரிட்ஜில் அவரே எழுதி ஒட்டிய ஆணை இருந்தது.

ஆணையத்தில் ஒரு பெரிய தேடுபொறி நிறுவனத்தின் மேல் வழக்கு. எந்த ஃபோனைத் திறந்தாலும் அதுவே முன்னால் வந்து நிற்கிறது, ஜனங்களும் எதற்கெடுத்தாலும் அதையே கேட்கிறார்கள், மற்றவர்கள் தலையெடுக்க முடியவில்லை என்பது புகார். இனி எல்லாத் தேடுபொறிகளின் பெயரையும் காட்டி, பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும் என்பது இன்றைய தீர்ப்பில் அவர் எழுதியிருந்த பரிகாரம்.

அதை எழுதி முடித்த ஞாயிற்றுக்கிழமை, கூடவே இருக்கும் அவருடைய அக்கா சாப்பாட்டு மேசையில் கேட்டாள்: "இந்த வீட்ல எது காணோம்னாலும் உன் பொண்டாட்டியையேதான் கேக்கறே. நாங்கல்லாம் மனுஷங்க இல்லையா?"

அவருக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே ஃபிரிட்ஜில் காகிதம் ஏறியது. அக்கா, மச்சினன், மகள், இந்த மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கேட்கலாம். மனைவியை ஒரு மாதத்துக்குக் கேட்கக்கூடாது.

"அக்கா, என் கண்ணாடியப் பாத்தியா?"

"பாத்திருப்பேன்டா. ஆனா யார் சாமான் எங்க இருக்குன்னு மனசுல வெச்சுக்கற பழக்கமே எனக்குக் கிடையாது. அதெல்லாம் அவங்கவங்க சொந்த விஷயம்."

மச்சினன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். "கண்ணாடியா மாமா? சொல்றேன். அதுக்கு முன்னாடி, கண்ணுக்குன்னே ஒரு பாலிசி வந்திருக்கு."

"கண்ணாடி எங்கப்பா?"

"அதுக்குத்தான் வரேன். ரெண்டாவது, குடும்பத்துக்கே சேத்து ஒண்ணு இருக்கு."

மகள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "உங்க பீரோல, ரெண்டாவது தட்டுல, நீலச் சட்டைக்குக் கீழப்பா."

இவ்வளவு துல்லியமாக யார் சொல்வார்கள்? ஓடினார். கண்ணாடி கிடக்கட்டும், அங்கே நீலச் சட்டையே இல்லை.

"அங்க இல்லையேம்மா."

"ஆமாப்பா, நீங்க சொல்றது ரொம்பச் சரி. அங்க இல்ல. குளியலறை ஜன்னல்ல இருக்கு."

அங்கேயும் இல்லை.

"நீ கண்ணால பாத்தியா?"

"இல்லப்பா. அங்க இருந்தா பொருத்தமா இருக்கும்னு தோணுச்சு."

அவருக்குத் தலை சுற்றியது. பேனாவை எடுத்து, கண்ணாடியில்லாமல் கோணல்மாணலாக ஆணையில் ஒரு வரி சேர்த்தார்: மனைவி தன்னிடமுள்ள விவரங்களைப் போட்டியாளர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

"தாராளமா" என்ற மனைவி, பக்கத்தைப் புரட்டியபடியே ஒப்பித்தாள். "கத்தரிக்கோல் தையல் மெஷின் டிராயர்ல. டார்ச் ஷூ ஸ்டாண்டு மேல. கண்ணாடி டிவிக்குப் பின்னால."

மூன்று பேரும் ஒரே சமயத்தில் பாய்ந்தார்கள். தாம்தான் கண்டுபிடித்ததாக இருக்கவேண்டுமே. இடித்துக்கொண்டு, தள்ளிக்கொண்டு, ஒரு பூச்சாடியும் உடைந்தது. அவர் போய்ப் பார்க்கும்போது டிவிக்குப் பின்னால் தூசிதான் இருந்தது.

"முதல்ல எடுத்தது நான்தான்" என்றாள் அக்கா பெருமையாக.

"குடு அக்கா."

"இதுங்க பிடுங்கிடுமேன்னு பத்திரமா ஒரு இடத்துல வெச்சேன்."

"எங்க?"

அக்கா கூரையைப் பார்த்தாள். "நான்தான் சொன்னேனே, மனசுல வெச்சுக்கறதில்லன்னு."

அவர் காகிதத்தைக் கிழித்தார். "ஆணை ரத்து. அம்மா தாயே, நீயே தேடிக் குடு."

"அதெப்படிங்க? ஒரு மாசம்னு நீங்கதானே போட்டீங்க" என்றாள் மனைவி. "எனக்குத் தீர்ப்புல ஒரு ஆட்சேபணையும் இல்ல."

அவர் குழம்பிப்போய் நின்றார். எதிர்த்தரப்பு என்றால் கத்தும், மேல்முறையீட்டுக்கு ஓடும். இத்தனை வருஷ உத்தியோகத்தில், தோற்றுவிட்டு இவ்வளவு நிம்மதியாகச் சாய்ந்திருந்த ஒரு தரப்பை அவர் பார்த்ததே இல்லை.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மூக்கில் இருந்த தன் சொந்தக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். "இதைப் போட்டுக்கிட்டுப் போய்ப் படிடா."

போட்டுக்கொண்டு வாசல்வரை போனவரை அவளே கூப்பிட்டாள். "டேய் தம்பி, நில்லு. இப்பதான் ஞாபகம் வருது."

"எங்க வெச்சேங்கறதா?"

"அது இல்லடா. அன்னிக்கு சாப்பாட்டு மேசையில 'நாங்கல்லாம் மனுஷங்க இல்லையா'ன்னு கேளுங்கன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே உன் பொண்டாட்டிதான்."