பயிற்சிக் கௌதாரி

டோர்கில் சபதம் எடுத்தான். ஏப்ரல் மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலைக் காபி ஆறுவதற்குள் எடுத்துவிட்டான். சபதம் எடுப்பதில் அவனை அடித்துக்கொள்ள அந்தப் பள்ளத்தாக்கிலேயே ஆள் கிடையாது. நிறைவேற்றுவதுதான் அவன் இலாகாவில் வரவில்லை.

"இன்னையிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தினமும் சாயங்காலம் நாய்க்குப் பயிற்சி. மழையோ இடியோ, ஒரு நாள் தப்பாது."

அவன் மனைவி குன்வோர் பழுப்புச் சீஸைச் சீவி ரொட்டிமேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வடக்குச் சுவருக்குப் பெயின்ட்?"

"நாய் முக்கியமா, சுவர் முக்கியமா?"

"சுவர் பறவையைத் தூக்கிட்டு ஓடலையே."

அதுதான் சங்கதி. போன செப்டம்பரில், மலைக்கௌதாரி வேட்டையின்போது, அவர்களுடைய செட்டர் நாய் ராஸ்கா செய்த காரியம் அது. ராஸ்காவின் மூக்கில் குறை சொல்ல முடியாது. புதருக்குள் கௌதாரி இருந்தால் தூரத்திலேயே மோப்பம் பிடித்து, ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு சிலையாக நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் கோளாறு. ஸ்வெய்னுங் சுட்டு வீழ்த்திய பறவையைக் கவ்வியது, எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது, சதுப்பைத் தாண்டி ஓடி, பாசிக்கு அடியில் புதைத்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

ஸ்வெய்னுங் பெண்டாட்டியை இழந்தவன், அதிகம் பேசாதவன். வேட்டைக் குடிசை அவனுடையது. அதில் நாலு படுக்கை. நாலாவது படுக்கையில் டோர்கில் வருஷம் ஒரு வாரம் படுத்துக் குறட்டை விட்டு வந்தான். மீதி வருஷம் முழுக்க மர அறுவை ஆலையில் தூசி தின்று உயிர் வாழ்வதே அந்த ஒரு வாரத்துக்காகத்தான். அன்று ராத்திரி ஸ்வெய்னுங் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "துப்பாக்கி நம்மகிட்ட போதுமான அளவு இருக்கு. நாய்தான் இல்ல. அடுத்த வருஷம் பறவையைக் கையில கொண்டுவந்து குடுக்கிற நாயோட வர்றவங்களுக்குத்தான் நாலாவது படுக்கை."

அதனால்தான் சபதம். டோர்கில் ஃப்ரீசரின் அடித்தட்டிலிருந்து இறகோடு உறைந்து கிடந்த கௌதாரி ஒன்றை எடுத்தான். அந்தப் பக்கத்தில் வேட்டைக்காரர் வீடு ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு பறவை உண்டு. கொஞ்சம் இளகவிட்டு எறிய வேண்டியது, நாய் கவ்விக்கொண்டு வர வேண்டியது, மறுபடி உறைய வைக்க வேண்டியது. கோடை முழுக்க ஒரே பறவை. நாயின் எச்சிலும் சேறும் பட்டு அதன் கதி எப்படி இருக்கும் என்று கேட்கக் கூடாது.

"இதைத் தெரியாம சமைச்சுடாதே," என்று செய்தித்தாளில் சுற்றினான்.

"அதெப்படிச் சமைப்பேன். தினமும் நீ எடுத்துட்டுப் போகப்போற பறவையாச்சே," என்றாள் குன்வோர். அந்தத் தொனி அவனுக்குப் பிடிக்கவில்லை.

முதல் சில நாள் உண்மையிலேயே எறிந்தான். பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை நாயை அவிழ்த்துவிடக் கூடாது என்பது சட்டம், அதனால் நீளக் கயிறு. கயிறு அவன் காலைச் சுற்றியது. ராஸ்கா பறவையைக் கவ்வி அவனையே சுற்றிச் சுற்றி வந்து அவனைக் கட்டிப்போட்டது. அப்புறம் ஒரு நாள் மழை. மழையில் எதிர்ப்பட்டது நண்பன் ஏய்விண்டின் கார் கொட்டகை. உள்ளே கணப்பு, காபி, அச்சில் சுடச்சுட வார்த்து ஜாம் தடவிய வாஃபிள், டிவியில் கால்பந்து ஆட்டம். அன்றிலிருந்து பயிற்சி அங்கேதான் நடந்தது. பொட்டலம் வெளியே பனிக்குவியலிலும், பனி உருகியபின் ஏய்விண்டின் ஃப்ரீசரிலும் பத்திரமாக இருந்துவிட்டு, பிரிக்கப்படாமலே தினமும் வீடு திரும்பியது. ராஸ்கா பெஞ்சுக்கடியில் படுத்து, மேலிருந்து விழும் வாஃபிளைத் தரையில் படாமல் பிடிக்கப் பழகியது.

வீட்டுக்கு வந்தால் விசாரணை.

"எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம். எறிஞ்சதெல்லாம் கையில கொண்டுவந்து குடுத்துச்சு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"பாவம், களைச்சுப் போயிருப்ப. மீசைல ஜாம் ஒட்டியிருக்கு பாரு."

அவ்வளவுதான். சண்டை கிடையாது, சுவர்ப் பேச்சு கிடையாது. டோர்கிலுக்குப் பகீரென்றது. இருபது வருஷத் தாம்பத்தியத்தில் குன்வோர் ஒரு விஷயத்தை இவ்வளவு லேசில் விட்டதாகச் சரித்திரமே இல்லை. இவள் ஏதோ செய்கிறாள் என்று அன்றைக்கே அவன் மனசில் விழுந்துவிட்டது.

சந்தேகம் வந்தபின் கண்ணுக்கு எல்லாமே தெரிய ஆரம்பிக்கும். அத்தனை வாஃபிள் தின்றும் ராஸ்கா ஏன் பெருக்கவில்லை? அவன் தொப்பை பெல்ட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்க, நாய்க்கு மட்டும் விலா எலும்பு தெரிந்தது. ஆலையிலிருந்து வந்தால் அடுப்போரம் செத்தது மாதிரி தூங்கிக் கிடந்தது. குன்வோர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளைக் கொண்டு விட்டால் மத்தியானம் வரை அவள் ராஜ்ஜியம். அந்த நேரத்தில் எங்கே போகிறாள்? வாசலில் அவளுடைய பூட்ஸ் நனைந்திருந்தது. ஒரு நாள் காபி வடித்துக்கொண்டே லேசாக விசிலடித்தாள். தூங்கிக்கொண்டிருந்த ராஸ்கா சட்டென்று எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தது.

"இது ஏன் உட்காருது?" என்றான் டோர்கில்.

"உக்காரத் தோணியிருக்கும்."

"நீ விசிலடிச்சதுக்கா?"

"சந்தோஷமா இருந்தா விசிலடிக்கக் கூடாதா?"

சந்தோஷமாம். எதற்குச் சந்தோஷம்? மறுநாள் அலமாரியைக் குடைந்தபோது, கிறிஸ்துமஸுக்கு மட்டும் அவள் போடுகிற நைலான் காலுறை ஜோடி காணாமல் போயிருந்தது. அந்த வாரமே கடைவாசலில் ஸ்வெய்னுங்கின் கார் நின்றது. உள்ளே, பின்சீட்டுக்கு மேல், ஒரு கொக்கியில், ஒற்றை நைலான் காலுறை தொங்கிக்கொண்டிருந்தது.

டோர்கில் நேராகக் கொட்டகைக்குப் போனான்.

"ஏய்விண்ட், என் குடும்பம் போச்சுடா."

"என்னடா ஆச்சு?"

"ஸ்வெய்னுங் கார்ல குன்வோரோட காலுறை."

ஏய்விண்ட் வாஃபிள் மாவைக் கலக்குவதை நிறுத்தினான். "ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு."

"அப்ப பாதிதான் சந்தேகப்படணும்."

"விளையாடாதே. நீயா இருந்தா என்ன பண்ணுவ?"

"எனக்குத்தான் பெண்டாட்டியே இல்லையே. அவகிட்ட நேராக் கேளேன்."

"கேட்டா உஷாராயிடுவா. கையும் களவுமாப் பிடிக்கணும்."

ஜூன் மாதம் ஒரு காலை, முதுகு வலி என்று ஆலைக்குச் சொல்லிவிட்டு, ஸ்வெய்னுங்கின் பண்ணைக்குப் பின்னால் மேட்டில் ஒரு ஜூனிப்பர் புதருக்குள் போய் ஒளிந்துகொண்டான். முள் குத்தியது. கொசு அவனைச் சாப்பிட உட்கார்ந்தது. குத்தட்டும், தின்னட்டும், உண்மை தெரிந்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

வந்தார்கள். குன்வோர், ஸ்வெய்னுங், நடுவில் நீளக் கயிற்றில் ராஸ்கா. குன்வோர் தோள் பையிலிருந்து டோர்கிலுக்கு நன்றாகத் தெரிந்த செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே கௌதாரி, கௌதாரிமேல், இறகு உதிராமல் இருக்க, உறை போல இறுக்கி முடிச்சுப் போட்ட நைலான் காலுறை. ஸ்வெய்னுங் தன் பங்குக்கு ஒன்றை எடுத்தான். அதற்கும் அதே ஜோடியில் இன்னொரு காலுறை.

டோர்கிலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா, காதல் இல்லை, பயிற்சிதான். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. குன்வோர் எறிந்தாள். ராஸ்கா உட்கார்ந்தபடி காத்திருந்து, சொன்னபின் போய், கவ்வி, நேராக வந்து, அவள் உள்ளங்கையில் பூப்போல வைத்தது. மறுபடியும் எறிந்தாள், மறுபடியும் வைத்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பெண்டாட்டி போகவில்லை. படுக்கைதான் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது.

ராஸ்காவின் மூக்கு உயர்ந்தது. ரெண்டு எட்டு வந்தது. முன்னங்காலைத் தூக்கியது. டோர்கிலின் புதரைப் பார்த்துச் சிலையாக நின்றது.

"இந்தப் பக்கம் பறவை தங்குற வழக்கமில்லையே," என்றான் ஸ்வெய்னுங்.

"என்னமோ பெரிசா இருக்கு," என்றாள் குன்வோர். "வயசான சேவலா இருக்கும்."

"கிளப்பலாமா? குஞ்சு இருந்தா பாவம்."

"குஞ்சு மாதிரி தெரியலை. தொப்பை தெரியுது. கிளப்பு, ராஸ்கா."

ராஸ்கா பாய்ந்தது. டோர்கில் எழுந்தான். தலையெல்லாம் ஜூனிப்பர் முள், முகமெல்லாம் கொசுக்கடி.

"இங்க என்ன பண்ற?" என்றாள்.

"பெர்ரி பறிக்க வந்தேன்."

"ஜூன்லயா? இன்னும் பூவே உதிரலையே."

தப்பிக்க வழியில்லை என்றதும் அவன் தாக்குதலில் இறங்கினான். "என் நாயை எனக்குத் தெரியாம கூட்டிட்டு வந்து பயிற்சி குடுக்கிறியா?"

"சாயங்காலம் நடக்கிற பயிற்சி எனக்கும்தான் தெரியாம நடக்குது. மே மாசத்துலேர்ந்து இந்தப் பறவை என் காலுறைக்குள்ள கிடக்கு. தினமும் பொட்டலத்தைத் தூக்கிட்டுப் போற. நேத்துகூட 'பிரமாதம்'னு சொன்ன. காலுறையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே?"

"பாத்தேன். கேட்டா உனக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டுட்டேன்."

"பறவைமேல காலுறையைப் பாத்திருந்தா, அப்புறம் எதுக்குப்பா புதருக்குள்ள?"

டோர்கில் தலையிலிருந்து ஜூனிப்பர் முள்ளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தான். ஸ்வெய்னுங் தூரத்து மலையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, போகட்டும்," என்றான் டோர்கில் கடைசியில். "நாய் என்னுதுதானே. பயிற்சி யார் குடுத்தா என்ன? செப்டம்பர்ல நான் கூட்டிட்டு வர்றேன்."

"எறிஞ்சு பாரு," என்றான் ஸ்வெய்னுங்.

எறிந்தான். ராஸ்கா அழகாகப் போனது, அழகாகக் கவ்வியது, நேராக அவனிடம்தான் வந்தது. டோர்கிலின் நெஞ்சு நிமிர்ந்தது. எதிரே வந்து, பறவையைத் தொப்பென்று சேற்றில் போட்டு, அவன் சட்டைப்பையை முகர்ந்து, அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. வாஃபிளுக்கு.

"அதுவும் பயிற்சிதான்," என்றாள் குன்வோர். "உன் பயிற்சி."

ஸ்வெய்னுங் பறவையை எடுத்துத் துடைத்தான். "நான் சொன்னது சொன்னதுதான் டோர்கில். பறவையைக் கையில குடுக்கிற நாயோட வர்றவங்களுக்கு நாலாவது படுக்கை."

"குன்வோருக்குச் சுடத் தெரியாதே!"

"துப்பாக்கி எங்ககிட்ட போதுமான அளவு இருக்கு."

வீட்டுக்கு வரும் வழியில் அவன் கெஞ்சிப் பார்த்தான். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கோபமே இல்லாமல் சொன்னாள்: "இருபது வருஷமா செப்டம்பர்ல அந்த ஜன்னல்லேர்ந்து மலையைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன் டோர்கில். ஒரு வருஷமாவது 'நீயும் வாயேன்'னு சொல்லியிருக்கியா?" அவன் யோசித்தான். சொன்ன ஞாபகம் இல்லை.

செப்டம்பரில் அவள் புறப்பட்டாள். அவனுடைய முதுகுப்பை, அவனுடைய கம்பளித் தொப்பி, அவனுடைய நாய். கிளம்பும்போது கன்னத்தில் முத்தமும் கையில் பிரஷும் கொடுத்தாள். "பெயின்ட் கொட்டகையில இருக்கு. ஃப்ரீசர்ல கௌதாரி ரெண்டு இருக்கு, ஒண்ணை எடுத்து நல்லா சமைச்சுச் சாப்பிடு."

டோர்கிலுக்கு மனசு இளகிவிட்டது. என்ன இருந்தாலும் நல்லவள்தான். வடக்குச் சுவரில் பாதி முடித்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஃப்ரீசரைத் திறந்தான். ஒரே மாதிரி வெள்ளைப் பையில் ரெண்டு பறவை. ஒன்றில் இறகு அடர்த்தியாக, பிடிவாதமாக நின்றது. இன்னொன்றில் பாதி தானாகவே உதிர்ந்திருந்தது. பிடுங்குகிற வேலை மிச்சம் என்று அதையே எடுத்தான். தொட்டதும் மீதியும் வந்துவிட்டது. நல்ல இளம் பறவையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். வெண்ணெயில் வதக்கி, கிரீம் ஊற்றி, ஜூனிப்பர் பழம் நசுக்கிப் போட்டு, லிங்கன்பெர்ரி ஜாமோடு உட்கார்ந்தான். கறி கொஞ்சம் ரப்பராகத்தான் இருந்தது. வாசனையில் ஏதோ சதுப்பு. மலைப்பறவை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எலும்பைக்கூட விடாமல் சப்பினான்.

ஃபோன் அடித்தது. சிக்னலுக்காகக் குன்வோர் பாறைமேல் ஏறியிருந்தாள். காற்றின் இரைச்சல் கேட்டது.

"ராஸ்கா இன்னைக்கு ஒண்ணுகூட விடலை, எல்லாத்தையும் கையில குடுத்துச்சு. படுக்கைதான் கொஞ்சம் குழிஞ்சிருக்கு, உன் வேலைதான் போல. நீ சாப்பிட்டியா?"

"இப்பதான் முடிச்சேன். கௌதாரி. பிரமாதம்."

"நல்லது. ரெண்டு பையும் ஒரே மாதிரி இருக்கேன்னு வர்ற வழியெல்லாம் ஒரே யோசனை. ஒண்ணுல பயிற்சிப் பறவை, காலுறையை மட்டும் உருவிட்டு வச்சிருந்தேன். அப்புறம், கவலையே வேண்டாம்னு விட்டுட்டேன். கோடை முழுக்க தினமும் எறிஞ்ச பறவை, உனக்கா அடையாளம் தெரியாது?"